மணி கோத்த ஷாலும் சரம் பின்னிய கைகளும்

மலர்க் குழு நண்பர்கள் "வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு கொடுப்பா" என்று கேட்டதும், நம்ம பக்கத்து வரலாறு என்றால் வழக்கமாக என்னென்ன எழுதுவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். காமராஜர், தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம், மகமை, உறவின்முறை. எல்லாமே எழுத வேண்டியவைதான். பல மலர்களில் எழுதியும் ஆகிவிட்டது. நான் எடுத்துக்கொண்டிருப்பது, மணி கோத்துப் பின்னிய லேஸ் ஷால். "வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது, விருதுநகர்ல ஷால் எதுக்குப்பா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

காரணம் இருக்கிறது. அந்த ஷாலைப் பிரித்துப் பார்த்தால் அதில் மூன்று விஷயங்கள்தான்: தோளில் போடும் ஒரு துணி, சில மணிகள், ஒரு பெண்ணின் விரல் வேலை. இந்த மூன்றுக்கும் நம் தென்பகுதியில் இருநூறு வருஷக் கதை உண்டு. நாகர்கோவிலில் தொடங்கி, இடையன்குடி வழியாக, நம் சிவகாசி சரவெடி வரை அது வருகிறது.

வரவும் செலவும் சரியாக வேண்டும்

முதலில் என்ஜினீயர் புத்தியோடு அந்தப் பொருளைப் பார்த்துவிடுவோம். ஊசிப் பின்னலில் இரண்டு நீள ஊசிகள். ஒன்றில் வரிசையாக நூல் கண்ணிகள் கோத்திருக்கும். அடுத்த ஊசியால் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நூலை இழுத்துப் புதிய கண்ணி எடுக்க வேண்டும். அவ்வளவுதான். சாதாரணமாகப் பின்னினால் ஸ்வெட்டர் மாதிரி கெட்டியாக வரும்.

லேஸ் என்றால் துளைகளால் ஆன டிசைன். துளை எப்படி வரும்? நூலை ஊசியில் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு அடுத்த கண்ணிக்குப் போனால், அந்த இடத்தில் ஓட்டை விழும். ஆனால் வரிசையில் ஒரு கண்ணி கூடிவிடும். அதைச் சரிக்கட்ட, பக்கத்திலேயே இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும். ஒரு வரவுக்கு ஒரு செலவு. விருதுநகர் மண்டிக் கணக்குப்பிள்ளையிடம் சொன்னால் ஒரே நிமிஷத்தில் புரிந்துகொள்வார். பேரேடு இடிக்கவில்லை என்றால் ஓரம் நேராக நிற்கும்; இடித்தால் துணி கோணிக்கொண்டு போகும்.

மணி சேர்ப்பதற்கு இரண்டு வழி. முன்கூட்டியே எல்லா மணிகளையும் நூலில் கோத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவது ஒரு வழி. இதில் நூல் மணிகளுக்குள் உரசி உரசி நைந்துபோகும் ஆபத்து உண்டு. மெல்லிய குரோஷா ஊசியில் மணியை மாட்டி, குறிப்பிட்ட கண்ணியின் மேல் இறக்குவது இன்னொரு வழி. மெதுவான வேலை, ஆனால் மணி நினைத்த இடத்தில் உட்காரும். மணி வெறும் அலங்காரம் இல்லை. காற்று மாதிரி லேசான துணிக்கு அதன் எடைதான் இழுவிசை. ஓரத்தில் மணி இருந்தால் ஷால் தோளிலிருந்து ஒழுங்காகத் தொங்கும்.

ஒரு சின்ன கணக்குப் போட்டேன். 5 கண்ணியில் தொடங்கி, இரண்டு வரிசைக்கு 4 கண்ணி வீதம் கூட்டிக்கொண்டே போகும் முக்கோண ஷால், 200 வரிசை. கடைசி வரிசையில் 405 கண்ணி. சராசரி 205 என்று வைத்தால் மொத்தம் 41,000 கண்ணிகள். நிமிஷத்துக்கு 20 கண்ணி என்றால் 34 மணி நேரம். இருபது கண்ணிக்கு ஒரு மணி என்றால் இரண்டாயிரம் மணிக்கு மேல். பிரித்துப் பின்னும் நேரமும், கடைசியில் நனைத்து, இழுத்து, குண்டூசி குத்திக் காயவைக்கும் நேரமும் இதில் சேரவில்லை. ஷாலைத் தோளில் போட்டுக்கொள்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. இந்தக் கட்டுரை முழுக்க அந்தத் தெரியாத கணக்கைப் பற்றியதுதான்.

நாகர்கோவிலுக்கு வந்த லேஸ்

நம் பக்கம் முதலில் வந்து சேர்ந்தது ஊசிப் பின்னல் அல்ல. அதற்கு அக்கா முறையான திண்டு லேஸ். உருண்டையான ஒரு திண்டின் மேல் துளையிட்ட அட்டையை வைத்து, துளைகளில் குண்டூசி குத்தி, கட்டைகளில் சுற்றிய நூல்களை ஜோடி ஜோடியாகக் குறுக்கே மாற்றி, முறுக்கிப் பின்னுவது. இந்தக் கட்டைக்குப் பாபின் என்று பெயர். இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு, பக்கிங்ஹாம் வட்டாரப் பெண்கள் பாபினின் நுனியில் கண்ணாடி மணிகளை வளையமாகக் கட்டுவார்கள். நூலுக்கு இழுவை கிடைக்கும். பாபின் உருண்டு ஓடாது. ஆக, மணிக்கும் லேஸுக்கும் உள்ள உறவு பழசு.

ஆனால் இந்தக் கைவேலைக்கு அங்கேயே கெட்ட காலம் வந்தது. ஜான் ஹீத்கோட் என்பவர் 1808, 1809-ம் ஆண்டுகளில் வலைத்துணி நெய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1816-ல் வேலை இழந்த ஆத்திரத்தில் இருந்தவர்கள் லஃப்பரோவில் அவருடைய தொழிற்சாலைக்குள் புகுந்து இயந்திரங்களை நொறுக்கினார்கள். அவர் தொழிலை டெவன் பகுதிக்கு மாற்றிக்கொண்டார். இயந்திரம் நின்றுவிடவில்லை.

இங்கிலாந்தில் இப்படிக் கைவேலை தேய்ந்துகொண்டிருந்த அதே சமயத்தில்தான் அது நாகர்கோவிலுக்கு வருகிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்ல்ஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819-ல் நாகர்கோவில் வந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கி, படிப்போடு லேஸும் சொல்லிக் கொடுத்தார் திருமதி மால்ட். இன்று டதி பெண்கள் பள்ளி என்று நாகர்கோவிலில் இருப்பது அந்த மரபில் வந்ததுதான். பின்னிய லேஸை ஐரோப்பியக் குடும்பங்களுக்கு விற்று, அதில் வரும் காசில் பள்ளியையும் நடத்தினார்கள், பெண்களுக்கும் கூலி கொடுத்தார்கள்.

அன்றைய நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்ட பெண்கள் இருந்தார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. சற்றே நிதானித்துப் படிக்க வேண்டிய வரி இது. குண்டூசியும் நூலும் வைத்துக்கொண்டு ஒரு பெண் தன்னையே விலைக்கு வாங்கியிருக்கிறாள். அவர்களில் ஒருத்தியின் பெயர்கூட நம் பாடப்புத்தகத்தில் இல்லை.

தோளில் ஒரு துணி, கழுத்தில் சில மணி

இந்த லேஸ் யாருடைய தோளுக்குப் போனது? துரைசானிகளின் தோளுக்கு. பின்னியவர்களின் தோளுக்கு என்ன உரிமை இருந்தது?

தோள்சீலைப் போராட்டத்தை நாம் அறிவோம். 1822 தொடங்கி 1859 வரை அலை அலையாக நடந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணிந்து சந்தைக்குப் போனால் கிழித்தெறிந்த காலம். 1829-ல் திருவிதாங்கூர் அரசு, கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற ரவிக்கை போட்டுக்கொள்ளலாம், உயர்சாதியார் போலத் தோளில் சீலை மட்டும் போடக் கூடாது என்று ஆணையிட்டது. அந்தக் குப்பாயத்தைத் தைக்கக் கற்றுக் கொடுத்ததும் மிஷன் வீட்டுப் பெண்கள்தான். சென்னை கவர்னர் சார்ல்ஸ் டிரெவெல்யன் நெருக்கியபின், 1859 ஜூலை 26-ல் எல்லா நாடார் பெண்களும் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்ற ஆணை வந்தது. அதிலும் "உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது" என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது.

அதாவது, உலகத்திலேயே நுணுக்கமான தோள் துணியைப் பின்னத் தெரிந்த விரல்களுக்கு, தன் தோளில் முழம் துணி போட நாற்பது வருஷம் போராட வேண்டியிருந்தது.

மணிக்கும் இதே கதை. திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் கழுத்தில் கல்மணி, கண்ணாடி மணி மாலைகளைத்தான் அணிய வேண்டும் என்பது வழக்கம். பொன்னும் கூடாது, ரவிக்கையும் கூடாது. அந்த மாலை நகையல்ல, அடையாளச் சீட்டு. அய்யன்காளி தலைமையில் எழுந்த கல்லுமாலைப் போராட்டத்தில், 1915-ல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் பெரிய கலவரம் நடந்தது. பிறகு கொல்லத்தில் கூடிய கூட்டத்தில் பெண்கள் தங்கள் கழுத்து மணிகளை அறுத்துக் குவியலாகப் போட்டார்கள். ஒரே மணிதான். ஷாலின் ஓரத்தில் விரும்பிக் கோத்தால் அழகு; கழுத்தில் கட்டாயமாகக் கட்டினால் விலங்கு.

இடையன்குடியும் எலைசாவும்

மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1822-ல் பிறந்தார். தமிழ் பேசிக்கொண்டே நாகர்கோவிலில் வளர்ந்தவர். 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டு ஊரான இடையன்குடிக்கு வந்தார். தாயிடம் கற்ற இரண்டையும் சீதனம் போலக் கொண்டுவந்தார்: பெண்பிள்ளைகள் பள்ளி, லேஸ்.

கால்டுவெல்லை நமக்கெல்லாம் தெரியும். 1856-ல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அவரை நிலைநிறுத்தியது. 1968-ல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் சிலையும் வைத்தார்கள். ஆனால் 1849-ல் அவர் நம் தென்பகுதி மக்களைப் பற்றி எழுதிய ஒரு சிறு புத்தகம், அந்த மக்களையே புண்படுத்தியது. பிறகு பெரிய எதிர்ப்பும் கிளம்பியது. கணவர் அந்த மக்களைப் பற்றி எழுதினார். மனைவி அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுத்தும் பின்னலும் சொல்லிக் கொடுத்தார். எது எவ்வளவு தூரம் போனது என்று நிறுத்துப் பார்க்க நம்மிடம் தராசு இல்லை. ஆனால் ஒன்றுக்குப் பதிவு இருக்கிறது, மற்றதற்கு அநேகமாக இல்லை.

எலைசா 1899-ல் காலமானார். அதே 1899-ல்தான் சிவகாசிக் கலவரமும்.

தேரிக்காட்டிலிருந்து கரிசல்காட்டுக்கு

இந்த இடத்தில் நாம் வடக்கே நகர வேண்டும். திருநெல்வேலித் தெற்கிலிருந்து வெல்லம், கருவாடு, பருத்தி என்று வியாபாரத்துக்காக வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்களின் பேட்டைகள்தான் பிற்பாடு விருதுபட்டியும் சிவகாசியும் ஆயின. மகமைப் பணத்தில் 1889-லேயே விருதுபட்டியில் ஷத்திரிய வித்தியாசாலை வந்துவிட்டது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை, நம்ம ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். 1940-களில் பட்டாசு பெருந்தொழிலாக வளர்ந்தது.

அந்தக் கதையில் பெரியவர்கள் இருக்கிறார்கள், கல்கத்தா இருக்கிறது, மிஷின் இருக்கிறது. விரல்கள் இல்லை. மிஷினில் தீப்பெட்டி செய்த பெரிய கம்பெனியோடு கைத்தீப்பெட்டி போட்டி போட்டு நின்றது எப்படி? சிறு தொழிலுக்கு அரசு கொடுத்த வரிச் சலுகை ஒரு காரணம். இன்னொரு காரணம், குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் லேபிள் ஒட்டவும் உட்கார்ந்த பெண்களும், வருத்தத்தோடு சொல்ல வேண்டும், பிள்ளைகளும். மானாவாரிக் கரிசலில் மழை பொய்த்தால் வேறு வேலை ஏது? எண்ணிக்கைக்குக் கூலி. எத்தனை கட்டை, எத்தனை குரோஸ் என்று எண்ணித்தான் காசு. நாகர்கோவிலில் லேஸுக்குக் கூலி கொடுத்ததும் செய்து கொடுத்த பொருளுக்குத்தானே தவிர, உட்கார்ந்த நேரத்துக்கு இல்லை.

பட்டாசில் லேஸுக்கு மிக நெருங்கிய சொந்தம் சரவெடிதான். சின்னச் சின்ன வெடிகளின் திரிகளை நூலோடு சேர்த்து, இடதும் வலதுமாக மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டே போக வேண்டும். இடைவெளி சீராக இருந்தால்தான் சத்தம் சீராக வரும். இறுக்கம் குறைந்தால் வெடி உதிரும். பாதியில் அறுந்தால் நெருப்பு அங்கேயே நின்றுவிடும். ஆயிரம் வாலா, பத்தாயிரம் வாலா என்று தீபாவளிக்கு நாம் கொளுத்தி இரண்டு நிமிஷத்தில் முடித்தது, ஒரு ஷெட்டில் பல பெண்கள் காலை முதல் சாயங்காலம் வரை பின்னியது.

என் பெரியம்மா இருபது வருஷத்துக்கு மேல் சரம் பின்னியவர். நான் ஒரு லேஸ் துண்டை வாங்கிக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "இதுவும் சரம் மாதிரிதான்டா. ஒண்ணு விட்டுட்டா பூரா போயிரும். எண்ணிக்கிட்டே பின்னணும், ஆனா எண்ணுறது வெளியே தெரியக் கூடாது" என்றார். கண்ணிக் கணக்கைப் பற்றி நான் நாலு பத்தியில் எழுதியதை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

2018-க்குப் பிறகு

2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் சரவெடித் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் தடை விதித்தது. காற்று மாசு, சத்தம், குப்பை ஆகியவை காரணம். பேரியம் உப்புகளுக்கும் அதோடு தடை வந்தது. 2021-ல் அந்த உத்தரவை நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. தீர்ப்பு சரியா தவறா என்று வாதாட நான் இதை எழுதவில்லை. வெடிவிபத்தில் உறவினரை இழந்த குடும்பம் நம்மில் எத்தனை என்பதும், டெல்லிக் குழந்தைக்கும் மூச்சு விட வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். அனுமதி பெற்ற ஷெட்டுக்கு வெளியே, வீட்டில் வைத்து வெடி பின்னுவது சட்டப்படி குற்றம் என்பதையும், அது உயிரோடு விளையாடுவது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது.

நான் சொல்ல வருவது வேறு. தடை வந்தபோது கம்பெனிகளின் நஷ்டத்தைப் பேசினார்கள், கோடிகளைப் பேசினார்கள். சரம் பின்னும் திறமை என்று ஒன்று இருந்தது, அது ஒரே உத்தரவில் விலையில்லாமல் போனது என்று பேசியவர்கள் குறைவு. டர்னர், ஃபிட்டர் என்றால் ஐடிஐ சான்றிதழ் இருக்கிறது. இருபது வருஷம் சரம் பின்னியதற்கு எந்தச் சான்றிதழ்? வேலை மாறிப் போகிற இடத்தில் அவர்கள் "அனுபவம் இல்லாதவர்கள்".

இது நம்ம ஊருக்கு மட்டும் உரிய வியாதி இல்லை. ஆந்திராவின் நரசாபுரம் பகுதியிலும் மிஷன் காலத்தில் குரோஷா லேஸ் வந்து, வீட்டுக்கு வீடு பரவி, ஏற்றுமதித் தொழிலானது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே தங்கி ஆய்வு செய்து 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் எடுத்துக் காட்டியது இதுதான்: பின்னுகிற பெண் "வீட்டில் சும்மா இருப்பவள்", லேஸ் அவளுடைய "ஓய்வு நேர வேலை". அதை வாங்கி விற்கிற ஆண்தான் "தொழில் செய்பவர்". வேலையை ஓய்வு என்று எழுதிவிட்டால் கூலியைக் கைச்செலவு என்று கொடுத்துவிடலாம். அந்த வாக்கியத்தைச் சிவகாசியில் உட்கார்ந்து படித்தால் சுருக்கென்று இருக்கிறது.

நம் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நாகர்கோவிலில் லேஸ் விற்ற காசு பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நடத்தியது. நம் பக்கத்தில் பெட்டி ஒட்டிய காசும் சரம் பின்னிய காசும் என்ன செய்தது? விருதுநகரில் வே.வ. வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962-ல் வந்தது. பிறகு நம் கல்லூரி உட்பட பல வந்தன. கல்லூரிகளைக் கட்டியவர்கள் பெயர் கல்வெட்டில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் நம் கூடப் படித்தவர்களில் எத்தனை பேருக்குப் பஸ் பாஸும் செமஸ்டர் ஃபீஸும் அம்மாவின் விரலிலிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். எனக்கும் அதில் பங்கு உண்டு.

என்ஜினீயரிங்கில் நாம் முதலில் படித்தது என்ன? எந்த வேலையையும் அளந்து, வரைந்து, எழுதி வைத்தால்தான் அது அடுத்தவருக்குப் போகும். லேஸுக்கு அட்டை இருந்தது. துளை பார்த்து இன்றும் ஒருத்தர் அதே டிசைனைப் பின்ன முடியும். ஊசிப் பின்னலுக்குக் கட்டம் போட்ட வரைபடம் இருக்கிறது. சரம் பின்னலுக்கும் கட்டை அடுக்கலுக்கும் அப்படி ஒன்றும் இல்லை. தெரிந்தவர்களின் விரலில் மட்டும் இருக்கிறது. அவர்களுக்கும் வயதாகிறது.

ஆகவே, படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஃபைனல் இயர் பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலையும் நேரத்தில் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உங்கள் ஆச்சியிடமும் அத்தையிடமும் போய் உட்காருங்கள். வெடிமருந்து வேண்டாம்; வெறும் காகிதக் குழலும் சணல் நூலும் போதும், பின்னிக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கை முதலில் போகிறது, எத்தனைக்கு ஒரு முடிச்சு, எந்த வருஷம் என்ன கூலி, எந்த ஷெட்டில் யார் யார் சேர்ந்து உட்கார்ந்தார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். படம் வரையுங்கள். அந்த விரல்களுக்குப் பொருந்துகிற ஆபத்தில்லாத வேறு வேலை, மணி கோத்த லேஸாகவே இருந்தாலும் சரி, என்ன கொண்டுவரலாம் என்று யோசியுங்கள். அப்படிக் கொண்டுவந்தால், முதலில் அந்த 34 மணி நேரத்தைக் கணக்கில் எழுதிவிட்டுப் பிறகு விலை போடுங்கள்.

எழுதியதை நம் சங்கத்துக்கு அனுப்பினால் அடுத்த மலரில் அவர்கள் சம்மதத்தோடு அவர்கள் பெயரிலேயே போடும்படி குழுவினரை நானே கேட்டுக்கொள்கிறேன். நண்பர்களே, பெரியம்மா சொன்ன கணக்கை நான் எழுத ஆரம்பித்துவிட்டேன்; இதுவரை பதினோரு பக்கம் வந்திருக்கிறது. உங்கள் வீட்டுக் கணக்கோடு அடுத்த சந்திப்பில் பார்ப்போம்.